கொட்டாய்க்குள் ஒரு மலை

முதல் இடி கேட்டபோது அம்சவள்ளி துப்பாக்கி என்றுதான் நினைத்தாள். நாலு நாளாகக் காதை ரோட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு நடமாடுகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? புடைத்துக்கொண்டிருந்த உளுந்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. இரண்டாவது இடி அவள் முதுகுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டாய்ப் பக்கமிருந்து கேட்டது.

அங்கே அவள் மாமியார் தைலம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடப்பாரையால் கொட்டாயின் மண்சுவரைக் குத்திக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு. ஒவ்வொரு குத்துக்கும் நின்று மூச்சு வாங்கினாள். சுவரில் இன்னும் ஒரு தேங்காய் அளவுக்குக்கூடப் பள்ளம் விழவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால், பொழுது சாய்வதற்குள் சுவரையே தின்றுவிடுவாள் போலத்தான் இருந்தது.

"அத்த! இன்னா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? செவுத்த இடிக்கிறேன்."

"எதுக்கு?"

"வெளிய எடுக்கணும். வாசப்படியில வராது. பக்கவாட்டுல சாய்ச்சும் பாத்துட்டேன், வரல. எப்பவும் தெருவுலயே கட்டினவ, இந்தவாட்டி உள்ள வெச்சிக் கட்டினேனா, வாசப்படிய மறந்தே பூட்டேன்." தைலம்மாள் தன் முட்டாள்தனத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

அம்சவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை.

கொட்டாய்க்குள் நின்றது பாடை. பூப்பல்லக்கு என்று மரியாதையாகச் சொல்லலாம். மூங்கிலில் கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, செத்தவர்களை ராஜா மாதிரி உட்கார்த்தியோ படுக்கவைத்தோ எடுத்துப்போகிற பல்லக்கு. எந்தப் பெயரில் சொன்னாலும் அது பிணம் போகிற வாகனம்தான். அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. சாகக் கிடப்பவர்களும் யாருமில்லை. அப்படியிருக்க நாலு நாளாக அது கொட்டாய்க்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. மாடு அதைப் பார்த்த முதல் நாளே உள்ளே போகமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து அதை வேப்பமரத்தில்தான் கட்டுகிறார்கள்.

சாவு விழுந்த பிறகுதான் பச்சை மூங்கிலை வெட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். முன்கூட்டியே வெட்டிக்கூட வைக்கமாட்டார்கள். காலியாக நிற்கிற பாடை சும்மா நிற்காது, ஆள் தேடும் என்பார்கள். சுவர் விஷயம் அதைவிட மோசம். ஆகாத நட்சத்திரத்தில் செத்தவர்களைத்தான் வாசல் வழியாக எடுக்காமல் சுவரை உடைத்து எடுப்பார்கள். ஆக, பாடையும் தயார், வழியும் தயார், ஆள்தான் பாக்கி என்று அம்சவள்ளியின் மனசு கணக்குப் போட்டது. அந்த வீட்டு ஆம்பளையோ நாலு நாளாக ரோட்டில் கிடக்கிறான்.

அவள் போய்க் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்க அத்த."

"நீ வுடுடி."

"உங்க புள்ள உசுரோட வூடு வந்து சேரணுமா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

தைலம்மாளின் பிடி தளர்ந்தது. அம்சவள்ளி கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டுபோய் நெல் குதிருக்குப் பின்னால் தள்ளிவிட்டு வந்தாள்.

அது எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சங்கத்தில் முடிவானதும், அம்சவள்ளியின் புருஷன் ராஜாங்கம் தோளில் துண்டும் கையில் கோடாலியுமாகக் கிளம்பிப் போனான். "ஒரு வாரம் பஸ் ஓடலன்னா ஒண்ணும் ஆயிடாது. நம்ம புள்ளைங்களுக்கு நாளைக்கு ஒரு உத்தியோகம் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். பிள்ளைகள் இரண்டும் களமருதூரில் அம்சவள்ளியின் தாய்வீட்டில் இருந்தன. நல்லவேளை என்று முதல் நாள் நினைத்தாள். சின்னசேலம் ரோட்டிலும் கள்ளக்குறிச்சி ரோட்டிலும் புளியமரங்கள் குறுக்கே விழுந்த பிறகு, பிள்ளைகளைப் பார்க்க எப்போது முடியுமோ என்று ஆகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புகை தெரிந்தது. அது யார் வீடு என்று கேட்கவும் ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை. அங்கே சுட்டுட்டாங்களாம், இங்கே சுட்டுட்டாங்களாம் என்று சேதி மட்டும் வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட வாரத்தில் ஒரு மனுஷி வீட்டுக்குள் உட்கார்ந்து பாடை கட்டுவாளா? தைலம்மாள் கட்டினாள்.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே ஒரு சாவில்தான். அஞ்சு வருஷம் முன்னால் அவள் புருஷன் செத்தபோது, பங்காளிகள் சேர்ந்து வாசலில் பல்லக்கு கட்டினார்கள். பிணத்தின் தலைமாட்டில் தலைவிரி கோலமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த தைலம்மாள், வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "இது இன்னா கோணலு? இதுல அந்தாளு போவ மாட்டாரு. அவுருங்கடா" என்றாள். யாரும் அசையவில்லை. அவளே அவிழ்த்தாள். தாலியறுக்கக் காத்து உட்கார்ந்திருக்கவேண்டியவள், தெருவில் குந்திக்கொண்டு மூங்கிலைப் பிளந்து, பேப்பரை வெட்டி, மத்தியானம்வரை பல்லக்கு கட்டினாள். ஊரே வாயைப் பிளந்தது. மறுநாள் அந்த வாய்கள் சும்மா இருக்கவில்லை. புருஷன் போனதில் அவளுக்குக் கொண்டாட்டம் என்று பேசின.

ஆனால் அடுத்த சாவுக்கு அதே வாய்கள் வந்து கூப்பிட்டன. பஸ் கண்டக்டர் ஒருத்தர் செத்தபோது பல்லக்கையே பஸ்ஸாகக் கட்டினாள். ஜன்னல், ஏணி, ஹாரன்கூட வைத்திருந்தாள். காலமெல்லாம் கிணறு வெட்டின ஒரு ஆளுக்கு, சுற்றிலும் நீலப் பேப்பர் தளும்பத் தளும்பக் கிணறு கட்டினாள். அந்த ஆளின் பெண்சாதி அழுகையை நிறுத்திவிட்டு, "அந்த மனுசன் வெட்னதுல ஒண்ணுலகூட இவ்ளோ தண்ணி வரலியே" என்றாளாம். நைனார்பாளையத்திலிருந்துகூட வந்து கூட்டிப்போனார்கள். நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாத கை என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கையில், எந்நேரமும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பேப்பர்ச் சாயம் ஏறிக்கிடந்தது.

போன மாசியில் மூங்கில் பொறுக்குகிறேன் என்று வண்டிக்காரர்களோடு மலைக்குப் போனாள். பிறந்ததிலிருந்து மேற்கே பார்த்த மலைதான், கல்வராயன் மலை. ஏறினது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சோற்றுக்கையோடு சொன்னாள்:

"அங்க நீலமே இல்லடி அம்சா. இங்கிருந்து பாத்தா நீலமா தெரியுதே, கிட்ட போனா அத்தினியும் பச்ச. ஒரு பச்ச இல்ல, நூறு பச்ச. இவ்ளோ காலமும் தப்பாவே பாத்துக்கினு இருந்திருக்கேன்."

"சாப்புடுங்க அத்த, ஆறிப்பூடும்."

"அத கட்டணும். சாவுக்குக் கட்றதுல அதெல்லாம் முடியாது. காலையில சேதி வந்தா மத்தியானத்துக்குள்ள தூக்கணும்னு நிப்பானுங்க. பசை காயறதுக்குக்கூட வுட மாட்டானுங்க. ஒரேவாட்டி, யாரும் அவசரப்படுத்தாம, நிதானமா கட்டிப் பாக்கணும்."

அதைத்தான் கொட்டாய்க்குள் கட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் கட்டினால் ஊர் விடாது. ராஜாங்கம் இருந்தால் அவனும் விட்டிருக்கமாட்டான்.

கடப்பாரை கைவிட்டுப் போனதும் தைலம்மாள் கொட்டாய் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். கோபப்படுவாள் என்று அம்சவள்ளி எதிர்பார்த்தாள். அவள் கெஞ்சினாள். அதுதான் அம்சவள்ளிக்குப் பயமாக இருந்தது. வாழ வந்த பதினாலு வருஷத்தில் அந்த வாய் யாரிடமும் கெஞ்சி அவள் கேட்டதில்லை.

"உள்ள வெளிச்சமே இல்லடி. நான் ஒட்டினது இன்னா பச்சன்னு எனக்கே தெரியல. ஒரு தரம், ஒரே ஒரு தரம் வெய்யில்ல வெச்சிப் பாத்துடறேன். பாத்துட்டு நானே பிரிச்சிப் போட்டுடறேன்."

"அவரு வரட்டும். அவரு வந்து வாசல்ல கால வெச்சப்புறம் செவுரு இன்னா, வூட்டையே இடிச்சிக்கோங்க. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

தைலம்மாள் பசைச் சட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"சரி. அவன் வரட்டும்" என்றாள்.

மத்தியானத்துக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி வந்தாள். வந்தவள் உள்ளே வராமல் நடையிலேயே நின்றாள். நல்ல சேதியாக இருந்தால் அவள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறவள்.

"அம்சா, உங்க வூட்டுக்காரரு இன்னா சொக்கா போட்டுக்கினு போனாரு?"

அம்சவள்ளியின் கையிலிருந்த கஞ்சிச் சட்டி தானாகக் கீழே இறங்கியது.

"நீலம். ஏங்க்கா?"

பாப்பாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். சின்னசேலம் ரோட்டில் காலையில் மரம் வெட்டியிருக்கிறார்கள். பெரிய புளியமரம், எதிர்பார்த்த பக்கம் சாயாமல் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஓடினவர்கள் ஓடிவிட்டார்கள், ஒரு ஆள் மட்டும் மாட்டிக்கொண்டான். "ஆளு பூட்டானாம். நீலச் சொக்காவாம். நம்ம பக்கத்து ஆளுன்னுதான் சொல்றாங்க. மொகம் தெரியலியாம்."

அம்சவள்ளி கத்தவில்லை. எழுந்தாள். கூடத்தைத் தாண்டினாள். கொட்டாய் வாசலில் பசை கிண்டிக்கொண்டிருந்த மாமியாரின் முன்னால் போய் நின்றாள். தைலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் காதில் விழுந்துதான் இருந்தது.

"இப்ப நெறஞ்சிதா உங்களுக்கு?" என்றாள் அம்சவள்ளி. "கட்டி வெச்சி காத்துக்கினு இருந்தீங்களே, வந்துட்டாரு. நீங்க கட்டின பாட உங்க புள்ளையவே முழுங்கிடுச்சி. போங்க, போயி நல்லா வெய்யில்ல வெச்சிப் பாருங்க!"

தைலம்மாள் சாயம் ஏறிய தன் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொட்டாய்க்குள் போனாள்.

அம்சவள்ளி தெருவுக்கு ஓடினாள். ரோட்டுக்கே போய்விடுவது என்றுதான் ஓடினாள். பாப்பாத்தி பின்னால் வந்து தெருமுனையில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "போலீசு நிக்குதுடி, போவாத" என்று அவளைத் தரையோடு அழுத்தினாள். அங்கேயே இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். வெயில் நகர்ந்தது. நீலச் சட்டையில் கழுத்துப் பட்டன் அறுந்திருந்ததும், தைக்கிறேன் தைக்கிறேன் என்று தைக்காமலே அனுப்பியதும் அம்சவள்ளிக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

கரும்புக் கொல்லை வரப்பில் பங்காளிக் கிழவர் ஆதிமூலம் வந்தார். தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். கிட்டே வந்து மூச்சு வாங்கினார்.

"ஏம்மா இங்க குந்திக்கினு இருக்கற? உன் வூட்டுக்காரனுக்கு ஒண்ணும் இல்ல. நானே பாத்துட்டு வரேன். கரும்புக் கொல்லைக்குள்ள படுத்துக்கினு கெடக்கறான், பொழுது சாஞ்சா வருவான். செத்தது நைனார்பாளையத்து ஆளு. பாவம், கண்ணாலம் ஆயி ஆறு மாசந்தானாம்."

அம்சவள்ளி சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். யாரோ ஒருத்தியின் தலையில் விழுந்த மரம் தன் தலையை விட்டு விலகிப் போய்விட்டது என்ற சந்தோஷம் அது. வெட்கம்கெட்ட சந்தோஷம். அது வெட்கம்கெட்டது என்று தெரிந்தும் அவளால் அடக்க முடியவில்லை. எழுந்து வீட்டைப் பார்த்து ஓடினாள். மாமியார் காலில் விழவேண்டும் என்றுகூட நினைத்தாள். தானே கடப்பாரையை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

"அத்த! அவரு இல்லியாம் அத்த! அவரு நல்லாத்தான் இருக்காராம்!"

கொட்டாய்க்குள் வெயிலிலிருந்து போனவளுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் முறம் தெரிந்தது. முறம் நிறையக் காகிதப் பறவைகள். செம்போத்து, மைனா, கொக்கு, பெயர் தெரியாத மலைப்பறவைகள், ஒவ்வொன்றும் தென்னை ஈர்க்கில் நின்றது. எதையும் பிய்த்துப் போடவில்லை. ஒவ்வொரு ஈர்க்காக உருவி, இறகு மடங்காமல் அடுக்கியிருந்தாள். பல்லக்கின் ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. அதன் மூங்கில் காலில் சாய்ந்து தைலம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னொரு பறவை இருந்தது. தலை மார்பில் தொங்கியது.

அம்சவள்ளி தோளைத் தொட்டாள். தொட்டதும் தெரிந்துவிட்டது.

மகனுக்காகப் பிரித்திருக்கிறாள். இனிமேல் பிரித்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் பிரித்திருக்கிறாள். இல்லை, நீலச் சட்டை வேறு யாருடையதாகவாவது இருந்துவிடாதா என்று பிரித்திருக்கிறாள். எதுவென்று கேட்க இனி வழியில்லை. அந்தக் கையிலிருந்த பறவையை வாங்கி முறத்தில் வைத்துவிட்டு, அப்புறம்தான் அம்சவள்ளி அலறினாள்.

பெண்கள் வந்தார்கள். கொட்டாயிலிருந்து தூக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள். குளிப்பாட்டினார்கள். உள்ளங்கையிலிருந்த பச்சைச் சாயம் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஒருத்தி சாம்பலை எடுத்துக்கொண்டு வந்தாள். "வுடுங்கக்கா, அது அப்படியே இருக்கட்டும்" என்று அம்சவள்ளி கையைப் பிடித்துக்கொண்டாள். கூடத்து மூலையில் குசுகுசுப்பு ஓடியது. கட்டினவளையே பிடித்துக்கொண்டதே என்று ஒருத்தி சொன்னாள். பிள்ளைக்கு வந்ததைத் தான் வாங்கிக்கொண்டாள் என்று இன்னொருத்தி சொன்னாள். எது சொன்னாலும் அம்சவள்ளியின் காதுக்கு ஒரே மாதிரிதான் இருந்தது.

ஒப்பாரிக்கு நடுவில் அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சினாள். வாளியோடு கொட்டாய்க்குள் போனாள்.

"ஏண்டி, அத எதுக்குத் தொடற? வேணாண்டி" என்று பாப்பாத்தி வாசலிலேயே நின்று பதறினாள்.

அம்சவள்ளி முறத்திலிருந்து ஒரு பறவையை எடுத்தாள். அது எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. நாலு நாளாக அந்தப் பல்லக்கை அவள் கண்ணெடுத்துப் பார்த்ததே இல்லை. பார்த்தால் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். இருட்டில் துளையைத் தடவித் தடவி, ஈர்க்கைப் பசையில் தோய்த்துச் செருகினாள். சில துளைகள் அகப்படவில்லை. அங்கே தன் மனசுக்குத் தோன்றின இடத்தில் ஒட்டினாள். விரலெல்லாம் பச்சை ஆயிற்று. அழுகை ஒரு பக்கம் வந்துகொண்டே இருந்தது, கை ஒரு பக்கம் வேலை செய்துகொண்டே இருந்தது. பொழுது சாய்வதற்குள் முறம் காலியானது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ராஜாங்கம் வந்தான். உடம்பெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, பெரிய ஆம்பளை என்று பார்க்காமல் ஏங்கி ஏங்கி அழுதான். உயிரோடு வந்த புருஷனை அம்சவள்ளி எதிர்ச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு முகத்தைத்தான். அது கண்ணெதிரில் இருந்தது. அவளால் எழுந்து கிட்டே போக முடியவில்லை.

விடிந்ததும் பேச்சு வந்தது. உறவுக்காரர்கள் பாதிப் பேருக்குச் சேதியே போகவில்லை. ரோடு இருக்கிற நிலையில் பூவும் வராது, பேப்பரும் வராது. மேளமும் இல்லை. சாவுக்கு மேளம் அடிக்கிறவர்கள் காலனிக்காரர்கள். காலனிக் குடிசைகள் எரிந்த அந்த வாரத்தில் அவர்களைப் போய்க் கூப்பிடும் முகம் இந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. கூப்பிட்டாலும் வரும் தைரியம் அவர்களுக்கு இருந்திருக்காது.

"கொட்டாயில இருக்கறத தொட வேணாம்டா ராஜாங்கம்" என்றார் ஆதிமூலம். "சாவுக்கு முன்னாடியே கட்டினது. அதுக்கே ஒரு உசுரு பூடுச்சி. அத தெருவுல தூக்கினா இன்னும் இன்னா இன்னாவோ. ரெண்டு மூங்கில வெட்டி, சும்மா பாடையா கட்டி எடுத்துக்கினு பூடலாம். அத பின்னால கொளுத்திடலாம்."

ராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். ஊர் சொல்வதைத் தட்டிப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. கடைசியில் பெண்சாதியின் பக்கம் திரும்பினான்.

"அம்மா கடைசியா இன்னா சொன்னாங்க?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பாப்பாத்தி தரையைப் பார்த்தாள். அம்மா கடைசியாக ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது அம்சவள்ளிதான். அவள் சொன்ன வார்த்தைகள் அப்படியே, ஒன்றுகூடக் குறையாமல் தொண்டையில் நின்றன.

"செவுத்த இடிக்கணும்னாங்க" என்றாள்.

"எந்தச் செவுத்த?"

"கொட்டாய்ச் செவுத்த. வாசப்படியில வராதாம். ஒரு தரம் வெய்யில்ல வெச்சிப் பாக்கணும்னாங்க."

ராஜாங்கம் எழுந்தான். துண்டைத் தலையில் கட்டினான்.

"கடப்பாரை எங்க?"

அம்சவள்ளி குதிருக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தாள்.

மண்சுவர் அவன் கைக்கு நிற்கவில்லை. நாலு ஆள் உள்ளே போய்த் தோள் கொடுத்தார்கள். புழுதிக்குள்ளிருந்து பல்லக்கு மெல்ல வெளியே வந்தது. வந்து வெயிலில் நின்றதும், ஏதோ சொல்ல வாயெடுத்த ஆதிமூலம் அப்படியே நின்றுவிட்டார்.

அடியிலிருந்து உச்சிவரை மலை. கீழே காய்ந்த புல்லின் பச்சை, மேலே போகப்போகக் கரும்பச்சை, பாறை இடுக்கில் பாசியின் பச்சை, வெயில் படுகிற இடத்தில் மஞ்சள் கலந்த பச்சை. சிகரெட் பெட்டி ஜிகினாவை ஒட்டிச் செய்த அருவி ஒன்று நடுவில் விழுந்தது. மூங்கில் அசைந்தால் அருவியும் அசைந்தது. அது விழுகிற இடத்தில்தான் ஆள் படுக்கிற பலகை. எங்கேயும் நீலம் ஒரு துண்டுகூட இல்லை. அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் நீலமாகவே பார்த்துச் செத்துப்போகிற மலை, அப்படியே கிட்டே வந்து நின்றது.

"அம்மா கட்டினதா?" என்றான் ராஜாங்கம். கேட்டுவிட்டு, அது என்ன கேள்வி என்று அவனே முகத்தைத் துடைத்துக்கொண்டான். மலையைப் பார்த்து யாரும் அழவில்லை. சின்னப்பிள்ளைகள் கிட்டே போய்த் தொடப் பார்த்தன. பெரியவர்கள் அதட்டவும் மறந்துபோய் நின்றார்கள்.

தைலம்மாளைப் படுக்கவைத்தார்கள். பலகை அவளுக்குப் பொருந்தியது, பொருந்தாமலும் இருந்தது. கால்பக்கம் ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது. யார் அளவுக்குக் கட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை. யார் அளவுக்கும் கட்டவில்லை என்று அம்சவள்ளிக்கு மட்டும் தெரியும். மலை எவ்வளவு வேண்டுமென்று கேட்டதோ அவ்வளவுக்குக் கட்டியிருக்கிறாள்.

மேளமில்லாத சாவு அந்தத் தெருவில் அதுதான் முதல். தூக்கியதும் வேறு ஒரு சத்தமும் இல்லை, காகிதம் சலசலக்கிற சத்தம் மட்டும்தான். நடக்க நடக்க அது கூடிக்கொண்டே போனது. வீட்டு வாசல்களில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தெருமுனையோடு பெண்கள் நின்றுவிடவேண்டும். சுடுகாட்டுக்கு ஆண்கள்தான். பெண்கள் மூன்று சுற்றுச் சுற்றி, விழுந்து கும்பிட்டு, தலை முழுகத் திரும்பினார்கள். திரும்பினவர்கள் பின்னால் பார்க்கக்கூடாது. நாலு அடி நடந்த அம்சவள்ளி நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

சுடுகாடு மேற்கே. வழியில் ரோட்டின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரம் கிடந்தது. இலையெல்லாம் வாடிக் கருகியிருந்தது. அதைச் சுற்றிப்போக இடமில்லை. ராஜாங்கம் முன்பக்க மூங்கிலைத் தோளிலிருந்து கைக்கு மாற்றி, அடிமரத்தின் மேல் ஏறினான். மற்றவர்கள் பின்னாலிருந்து ஏந்திக் கொடுத்தார்கள். பல்லக்கு எல்லோருடைய தலைக்கும் மேலே எழுந்தது. பின்னால், ரொம்ப தூரத்தில், நிஜமான மலை நீலமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பறவைகள் தெரிந்தன. அந்தப் பக்கத்துப் பறவைகள், தைலம்மாள் பிரிக்காமல் விட்டவை, எல்லாம் ஒரே திசையில், மலையைப் பார்த்துப் பறந்தன. ஒன்றுகூடத் தப்பில்லை. இந்தப் பக்கத்தில், நேற்று இருட்டில் அவள் ஒட்டிய பறவைகள் எல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு, வீட்டைப் பார்த்துப் பறந்து வந்துகொண்டிருந்தன.

"அங்க இன்னாடி பார்வ? பாக்கக் கூடாதுடி, வா" என்று பாப்பாத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

அம்சவள்ளியின் மற்றொரு கை இடுப்போரம் தொங்கியது. அதன் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து, ஈர்க்கு ஒன்றைப் பிடித்துத் திருப்புவதுபோல், காற்றில் மெல்லத் திருகிக்கொண்டிருந்தன. பல்லக்கு மரத்தின் அந்தப் பக்கம் இறங்கியது.